இரண்டு தட்டு ஐஸ்

பகலில் நான் காது தேடுகிறவள்.
ரோலாவில், ரொட்டிக்கடைக்கு மேலே ஸ்டூடியோ.
வெள்ளைத் திரை, சுழல் நாற்காலி,
"ரெண்டு காதும் தெரியணும், சிரிக்க வேண்டாம்."
விசா அளவுக்கு ஒரு நாளில் நாற்பது முகம்.

இரவு ஒன்பதுக்குப் புஷ்பராணி
ஆஸ்பத்திரி வேனில் ஏறிவிட்டால் குளியலறை எனது.
கதவிடுக்கில் கறுப்பு டேப்.
கமோடின் மேல் பலகை, பலகைமேல் என்லார்ஜர்.
சிவப்பு பல்பு.

ஆகஸ்ட். குளிர்க்குழாயைத் திறந்தால் டீ போடலாம்.
ஹீட்டரை அணைத்துப்போட்டு
அதன் வயிற்றில் கிடக்கும் நீரைத்தான்
இந்த ஊரில் பச்சைத்தண்ணீர் என்கிறோம்.
அதிலும் இரண்டு தட்டு ஐஸ் கொட்டினால்தான்
டெவலப்பர் இருபது டிகிரிக்கு இறங்கிவரும்.
அது மறுபடி ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

நெகட்டிவ் இரண்டு.
ஒன்று செலஸ்டின் எடுத்தது. கிரேன் ஓட்டுகிறார்,
அறுபத்து நான்காம் மாடிக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு.
தை மாதத்தில் என் கேமராவைச்
சோற்றுத்தூக்கோடு ஏற்றிப்போனார்.
கீழே ஊர் இல்லை, மூடுபனி.
பதினோரு கோபுரம் இடுப்பளவு நனைந்து நின்றன.
மற்றது நான் எடுத்தது:
கழிமுகத்தில் ஒரு மரக்கப்பல்,
மேல்தளத்தில் ஃப்ரிட்ஜ், டயர், கட்டிப்போட்ட கறுப்பு ஆடு.

முதலில் பனி, பதினெட்டு நொடி.
கப்பல் வரவேண்டிய இடத்தை உள்ளங்கையால் மறைத்தேன்.
கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும்,
நின்றால் படத்தில் விரல் வந்துவிடும்.
பிறகு கப்பல், பனியை மறைத்து.
தட்டில் தாள் ஆடியது.
முதலில் ஆடு வந்தது.
பிறகு கயிறு.
பிறகு கோபுரங்களுக்கு நடுவே
பனியைக் கிழித்துக்கொண்டு கப்பல்.

வெள்ளிக்கிழமை செலஸ்டினிடம் காட்டினேன்.
"காலைல ஏழரைக்கு இப்படித்தான் இருக்கும்," என்றார்,
பஸ் நேரம் சொல்வதுபோல.
பிறகு நகத்தால் தொட்டு,
"ஆனா தப்பு. என் வெயில் கிழக்கேர்ந்து வருது,
உங்க கப்பல்ல மேற்கேர்ந்து.
ஒரு ஊருக்கு ரெண்டு சூரியனா?
ஒண்ணே நமக்கு ஜாஸ்தி."

அன்றிரவு கப்பலைத் திருப்பிப் போட்டேன்.
வெயில் சேர்ந்துகொண்டது.
ஆட்டின் நிழலும் கோபுரங்களின் நிழலும்
ஒரே பக்கம் சாய்ந்தன.
கப்பலின் பெயர்தான் புரண்டுவிட்டது,
அரபு எழுத்து இடமிருந்து வலமாக,
என் மொழி ஓடும் திசையில்.
எனக்கு முன்பும் வாசிக்கத் தெரியாது.

கதவு தட்டப்பட்டது.
நாத்தூர் ஜப்பார் கான்.
நாலாம் மாடி முழுக்கப் புளித்த வாடையாம்.
ஷார்ஜாவில் அப்படி மணப்பது ஒன்றுதான்,
அதற்கு ஜெயில்.
"ரெண்டு நிமிஷம்!" தாள் இன்னும் ஃபிக்ஸரில்.
இரண்டு நிமிடம் கேட்பவள் எதையோ கொட்டுகிறாள்.
ஓங்கித் தட்டினார்.

சொட்டச் சொட்டத் தாளோடு திறந்தேன்.
வாசற்படி தாண்டவில்லை அவர்.
கேனைத் தேடிவந்த கண் தாளில் நின்றது.
கப்பல் எப்படி வானத்துக்குப் போனது என்று கேட்கவில்லை.
"பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்," என்றார்,
இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்.
தாளை வாங்கி, முதுகைத் தன் பக்கம் திருப்பி,
தாழ்வார டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
முழங்கைவழி ஃபிக்ஸர் வழிந்தது.

நானும் அவர் பக்கம் போய் நின்றேன்.
முதுகுப்புறத்தில் பெயர் நேராகியிருந்தது.
கப்பல் நான் எடுத்த சாயங்காலத்துக்கே திரும்பியிருந்தது.
செலஸ்டினின் காலையும்
பதினோரு கோபுரத்தோடு சாயங்காலமாகியிருந்தது.

"ரஹ்மத்," என்று கூட்டினார்.
"இல்லை, ஸஹ்மத்.
புள்ளி இருந்தால் தொல்லை,
இல்லாவிட்டால் அருள்."
கண்ணை இடுக்கினார்.
"இது புள்ளியா, உன் தூசியா?"

நெகட்டிவை ஊதிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.
ஐஸ் தீர்ந்துவிட்டது என்றேன்.
தன் அறையில் ஒரு தட்டு இருக்கிறதென்று
படியிறங்கிப் போனார்.